நாணல் முளைக்கும் வரை

ஒக்டோபர் 12

இந்தக் கொப்பி ஆஸ்பத்திரியில் தந்தது. நேரம், குளிசை, பிரஷர், குறிப்பு என்று நாலு கட்டம் போட்டிருக்கிறது. மனைவி யோகத்தை வீட்டில் வைத்துப் பார்த்த ஏழு கிழமையும், கிட்டத்தட்ட ஐம்பது நாள், ஒரு நாள் தவறாமல் நிரப்பினேன். போன புதன்கிழமை அவளை முதியோர் ஹோமில் விட்டாயிற்று. குளிசையை இனி அவர்களே கொடுப்பார்கள், அவர்களே எழுதுவார்கள். கொப்பியில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கிறது. ஊரில் பதினாறு வருடம் தபால் கந்தோரில் இருந்தவனுக்கு வெறும் தாளைக் கண்டால் கை சும்மா இருக்காது. அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

இன்று சோறு குழைந்துவிட்டது. கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். இரண்டையும் தின்றுவிட்டுப் பஸ் எடுத்து ஹோமுக்குப் போனேன். யோகம் யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். ஜூனில் வந்த பாரிசவாதத்தில் போன வலது கையும் காலும் அப்படியேதான். பேச்சு மெதுவாக வருகிறது, ஆனால் ஒரு சொல்லும் பிழையாக வருவதில்லை. சாப்பிட்டீங்களோ என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"இஞ்சேருங்கோ, நாணலைக் கட்டியாச்சே?"

இன்னும் இல்லை, அடுத்த கிழமை கட்டுவேன் என்றேன்.

வீட்டு வாசலில் நிற்கும் புல்லைத்தான் கேட்கிறாள். ஆறு வருடத்துக்கு முன் செடிக்கடையில் ஒரு சின்னச் சட்டியில் வாங்கினாள். அட்டையில் இருந்த ஆங்கிலப் பெயர் எங்கள் இருவர் வாயிலும் நுழையவில்லை, நாணல் என்று அவளே பெயர் வைத்துவிட்டாள். இப்போது அது ஆள் உயரம். அடியைக் கட்டிப்பிடிக்க இரண்டு கை போதாது. கோடையில் இறகு இறகாகப் பூக்கும், இலையுதிர் காலத்தில் வைக்கோல் நிறமாகிவிடும். பனி கொட்டுவதற்கு முன் பழைய சேலையைக் கிழித்து அதன் இடுப்பில் கட்டிவிடுவாள். காய்ந்த தாள் குளிர்காலம் முழுக்க அப்படியே நிற்க வேண்டும். பனி போன பிறகுதான், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டலாம். "அந்தத் தாள்தான் அதுக்குப் போர்வை" என்பாள். புல்லுக்குப் போர்வை என்று நான் பகிடி பண்ணுவேன்.

புதன்கிழமை ஹோம் வாசலில் வான் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள். எட்மன்டனிலிருந்து வந்திருந்த மகள் தர்சினி அழத் தொடங்கிவிட்டாள். நான்தான் சொன்னேன்: "இஞ்சேரும், இது குளிர் முடியும் மட்டும்தான். பனி கரைஞ்சு நாணல் முளைச்ச உடனை உம்மைக் கூட்டிக்கொண்டு போவன்."

கையை விட்டாள்.

ஒக்டோபர் 19

நாணலை வெட்டிவிட்டேன்.

முகப்பில் காய்ந்த புல் நின்றால் ஆளில்லாத வீடு மாதிரி இருக்கிறது. விடிந்ததும் முற்றம் கூட்டுகிற சனம் நாங்கள். கூட்டாத முற்றத்தைப் பார்த்தால் "ஆரும் இல்லையோ" என்று படலையில் நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே படலையும் இல்லை, கேட்கவும் ஒருவரும் இல்லை. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். வேலி வெட்டுகிற கத்தரியால் வெட்டினேன். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கட்டையை விட்டாலும் அசிங்கமாக இருக்கும் என்று மண்ணோடு ஒட்ட வெட்டினேன். குப்பைப் பை நாலு நிரம்பியது.

யோகம் கட்டுவதற்கென்று எடுத்து வைத்திருந்த பச்சைக் கரைச் சேலைத் துண்டை மடித்து லாச்சிக்குள் வைத்தேன்.

ஒக்டோபர் 20

கட்டிவிட்டேன் என்று யோகத்துக்குச் சொன்னேன்.

நவம்பர் 2

இரண்டு வீடு தள்ளி இருக்கும் இராசமணி அக்கா வந்தா. எழுபத்தெட்டு வயது, என்னைவிட நாலு வயது மூப்பு. செவ்வாய்க்கிழமைகளில் யோகத்தைப் பார்க்கப் போகிறவ. வாசலில் நின்று வெட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தா.

"தம்பி, என்ன வேலை பாத்தனீர்? இப்ப வெட்டக்கூடாதெண்டு யோகம் எனக்கே எத்தினை தரம் சொல்லியிருக்கிறா."

எலி குடி வந்துவிட்டது என்றேன்.

"உதுக்குள்ளையோ?"

"ஓம். பெரிய எலி."

யோகத்திடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சொல்லமாட்டன் என்றா. தின்னக் கொடுக்க முட்டைமா இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. வெறும் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

நவம்பர் 16

தர்சினி போன் எடுத்தாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எட்மன்டன் குளிர், வேலை. பிறகு சொன்னாள்:

"அப்பா, அம்மா விழுந்ததை யோசிச்சுக்கொண்டு இருக்கிறீங்களோ? அம்மா எனக்கு எல்லாம் சொன்னவ. நீங்கள் குசினிக்குள்ளை சமைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறீங்கள், கூப்பிடாமல் தானா எழும்பப் பாத்து விழுந்திட்டன் எண்டு. உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

ஓம் பிள்ளை என்றேன்.

அவள் விழுந்த செப்டெம்பர் 21ஆம் திகதி நான் குசினிக்குள் நிற்கவில்லை. பால் முடிந்துவிட்டது, வாங்கப் போயிருந்தேன். இதையெல்லாம் எட்மன்டனில் இருக்கிற பிள்ளைக்கு விளக்கத் தேவையில்லை.

டிசம்பர் 7

முதல் பெரிய பனி. முழங்கால் அளவு. வாசலைத் தள்ளிச் சுத்தமாக்கி, வழுக்காமல் இருக்க உப்புப் போட்டேன். போன வருடம் வாங்கிய மூட்டை கராஜில் அப்படியே இருந்தது. மூட்டை சரிந்து கொஞ்சம் பக்கத்திலும் விழுந்துவிட்டது.

டிசம்பர் 28

யோகத்துக்கு இடியப்பமும் சொதியும் கொண்டு போனேன். இடியப்பம் கடையில் வாங்கியது. மூன்று சாப்பிட்டாள். வாய் ஓரத்தால் சொதி வழிந்தது, துடைத்துவிட்டேன்.

"நாணல் நிக்குதே? பனி அமத்தேல்லையே?"

"நிக்குது."

"எந்தச் சேலையாலை கட்டினனீங்கள்?"

"அந்தப் பச்சைக் கரை."

"வெள்ளைப் பனிக்கை பச்சை நல்லா எடுப்பாத் தெரியுமே."

ஓம், ரோட்டால் போகிற ஆட்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றேன். அதை ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை. அவள் சிரித்தாள். ஒரு பக்கம்தான் சிரிப்பு வருகிறது. அங்கே இருந்து எழும்பி வர எனக்கு வெகுநேரம் பிடித்தது.

சனவரி 11

இரண்டாவது மூட்டை உப்பும் முடிந்தது. இராசமணி அக்கா தன் வாசலில் நின்று சத்தம் போட்டா.

"தம்பி, நடைபாதை அங்காலை கிடக்கு. உப்பு முழுக்க இஞ்சாலை கிடக்கு."

எனக்குக் கண் சரியில்லை என்றேன். கண்ணாடி மாற்ற வேண்டும்.

பெப்ரவரி 3

குளிர் மறை 24 பாகை. பஸ் இல்லை. ஹோமுக்குப் போகவில்லை.

கொப்பியின் முன்பக்கங்களைப் புரட்டினேன். ஓகஸ்ட் 4: கொமோட்டில் இருத்தியது ஏழு தடவை. ஓகஸ்ட் 19: படுக்கைத் துணி மாற்றியது மூன்று தடவை, தூக்கி என் நாரி முதுகு பிடித்துக்கொண்டது. செப்டெம்பர் 2: உதவிக்கு வரும் பெண் வரவில்லை. செப்டெம்பர் 3: வரவில்லை. என் கையெழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே போயிருக்கிறது. யோகம் அந்த ஏழு கிழமையில் ஒருநாளும் என்னில் எரிந்து விழவில்லை. தூக்கும்போது "நோகுதோ உங்களுக்கு?" என்றுதான் கேட்பாள். ஏசியிருந்தால் நானும் ஏசியிருக்கலாம்.

எனக்கு அலுக்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 17

ஹோம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். யோகத்தையும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஏப்ரல் 30ஆம் திகதிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். நிரந்தரமாக இருப்பதென்றால் நான் ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். வீட்டுக்குப் போவதென்றால் கட்டிலை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு திரும்பி வருவதென்றால் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். மூன்று வருடமும் ஆகலாம்.

அங்கே இருந்த வெள்ளைக்காரப் பெண் நல்ல மாதிரி. யோகத்தின் பக்கம் குனிந்து, உங்கள் விருப்பம் என்ன என்று கேட்டாள். யோகம் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"நாணல் முளைச்ச உடனை… நான் வீட்டை போறன். இவர் சொன்னவர்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், மொழிபெயர்க்கச் சொல்லி. குளிர் போகட்டும், பிறகு யோசிப்போம் என்று சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டி எழுதிக்கொண்டாள்.

யோகத்துக்கு ஆங்கிலம் பேசத்தான் வராது. விளங்கும். இருபது வருடம் பேக்கரியில் வேலை செய்தவள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியில் கிடந்த வலது கையை இடது கையால் எடுத்துச் சரியாக வைத்தாள்.

தர்சினியிடம் கேட்டேன். "உங்கட முடிவு அப்பா, நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றாள்.

மார்ச் 29

பனி கரைந்துவிட்டது. நாணல் நின்ற இடம் கறுத்துப்போய்க் கிடக்கிறது. மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஆணி முறுக்குகிற திருப்புளியால் நடுவில் குத்திப் பார்த்தேன். உளுத்துப் பொடியாக வந்தது. பட்டுப்போயிற்று.

கவலையாகத்தான் இருந்தது. பின்னேரம் பருப்பும் கீரையும் வைத்து நன்றாகச் சாப்பிட்டேன். கனநாளைக்குப் பிறகு வயிறு நிறைந்தது.

ஏப்ரல் 12

இரண்டு வருடத்துக்கு முன் யோகம் நாணலில் ஒரு துண்டைப் பிரித்து இராசமணி அக்காவுக்குக் கொடுத்திருந்தாள். அது முளைத்துவிட்டது. அக்கா சும்மா இருப்பாவா, செவ்வாய்க்கிழமை போய்ச் சொல்லிவிட்டா.

"எங்கட?" என்று யோகம் கேட்டாள்.

"எங்கட வாசலுக்கு வெயில் குறைவு. பாப்பம்."

"எங்கட வாசலிலைதான் வெயில் கூட."

பேச்சை மாற்றினேன். பக்கத்துக் கட்டில் இத்தாலியக்காரி செத்துவிட்டாள், அதைப்பற்றிக் கதைத்தோம்.

ஏப்ரல் 17

முளைத்திருக்கிறது.

நடுவில் ஒன்றும் இல்லை, பாழாய்த்தான் கிடக்கிறது. சுற்றிவர, ஓரத்தில் மட்டும், விரல் நீளத்தில் பச்சை. முதலில் களை என்று நினைத்தேன். குந்தி இருந்து பார்த்தேன். களை இல்லை.

அக்கா கண்டுவிட்டு ஓடி வந்தா. முகமெல்லாம் பல்.

"பாத்தீரே தம்பி! நான் அப்பவே நினைச்சனான். உதை இவங்கள் பெருந்தெரு ஓரமெல்லாம் நடுறவங்கள். எவ்வளவு உப்புக் கொட்டினாலும் சாகாது எண்டுதான் நடுறது."

ஆறு மாதம் நான் பட்ட பாடு எல்லாம் எதற்கு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தா, சந்தோசத்தில்.

இனி இந்தக் கொப்பிக்காவது பொய் எழுத வேண்டாம்.

செப்டெம்பர் 21, காலை பத்து மணி. பால் வாங்கப் போகிறேன் என்று யோகத்திடம் சொல்லிவிட்டுப் போனேன். கடை ஐந்து நிமிட நடை. பத்தே காலுக்குப் பால் என் கையில். பதினொரு மணிக்கு அவளைக் கொமோட்டில் இருத்த வேண்டும், அது எனக்குத் தெரியும், நானே கொப்பியில் எழுதி வைத்த நேரம். வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடந்து மோலுக்குள் போனேன். கோப்பிக் கடைக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். எங்கட ஆட்கள் நாலு பேர் கடுதாசிச் சீட்டு விளையாடினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றானது, பன்னிரண்டானது. இன்னொரு கோப்பி வாங்கினேன். ஒரு மணிக்கு எழும்பப் பார்த்தேன், கால் எழும்பவில்லை. கால் எழும்பவில்லை என்பதும் பொய். நான் எழும்பவில்லை.

இரண்டரைக்கு வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்குக் கீழே தரையில் கிடந்தாள். நனைந்து போயிருந்தாள். இடுப்பெலும்பு வெடித்தது எனக்கு அப்போது தெரியாது. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"பால் கிடைச்சுதே?"

அவ்வளவுதான். அம்புலன்ஸ்காரருக்கும் டொக்டருக்கும் தர்சினிக்கும் அவர் குசினிக்குள் நின்றவர் என்று அவளே சொன்னாள்.

அவள் வீட்டுக்கு வந்தால் நான் திரும்பவும் பால் வாங்கப் போவேன். எனக்கு அது தெரியும். அதனால்தான் வெட்டினேன்.

ஏப்ரல் 20

கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து வாசல்வரை கொண்டு போனேன். திரும்பி வந்து தேத்தண்ணீர் போட்டுக் குடித்தேன்.

ஏப்ரல் 25

போகவில்லை. தடிமன், மூக்கு ஓடுகிறது என்று ஹோமுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். தடிமன் இல்லை.

ஏப்ரல் 29

நாளையோடு தவணை முடிகிறது. நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன். ஏன் நல்ல சேட்டு என்று பஸ்ஸில் இருக்கும்போதுதான் யோசித்தேன்.

யோகத்துக்குத் தலை இழுத்துப் பின்னி விட்டிருந்தார்கள். யன்னலைத் திறந்து வைத்திருந்தாள். வெளியே நல்ல வெயில். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானே தொடங்கினேன்.

"இஞ்சேரும். நாணல் முளைக்கேல்லை. பட்டுப்போச்சு."

என்னையே பார்த்தாள்.

"பட்டுப்போச்சே?"

"ஓம். இந்த முறை குளிர் கூடத்தானே."

"ஓம். இந்த முறை குளிர் கூட" என்றாள். பிறகு, "அந்தத் தாள் எங்கை? இஞ்சை கொண்டு வாங்கோ. கையெழுத்தை வைச்சு விடுங்கோ."

அலுவலகத்தில் எடுத்து வந்தேன். அவளுக்கு முன்னால் இருந்த சாப்பாட்டுப் பலகையில் வைத்து எழுதினேன். தாள் அசையாமல் இடது கையால் பிடித்துக்கொண்டாள். வலது கை மடியில் கிடந்தது. மூன்று இடத்தில் கையெழுத்து. கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அவளுக்குத் தண்ணீர் பருக்கினேன். போட்டு வாறன் என்று எழும்பியபோது என் சேட்டு நுனியைப் பிடித்தாள்.

"அதைக் கிண்டி எடுக்கேக்கை, நடுவைக் கழிச்சுப்போடுங்கோ. அது செத்துப்போச்சு. சுத்திவர நிக்கிற பச்சையை மட்டும் எடுத்து இராசமணி அக்காட்டைக் குடுங்கோ. நீங்கள் ஒவ்வொரு நாளும் அதைப் பாத்துக்கொண்டு நிக்க வேண்டாம்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையில் இருந்துவிட்டேன்.

"எப்ப தெரியும்?"

"போன கிழமை. அக்கா போனிலை படம் எடுத்துக்கொண்டு வந்தவ. உப்புக் கிடந்ததும் தெரிஞ்சுது."

"ஏன் அப்பவே என்னட்டைக் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவீங்களோ எண்டு பாத்தனான்."

நான் அழுதேன். ஆட்கள் போய் வருகிற இடத்தில், எழுபத்து நாலு வயதில், சத்தமாக அழுதேன். கூட்டிக்கொண்டு போறன், இப்பவே தாளைக் கிழிச்சு எறியிறன் என்றேன். யோகம் என் சேட்டு நுனியை விட்டுவிட்டாள்.

"வேண்டாம். எனக்கும் பயம்" என்றாள்.

எதற்குப் பயம் என்று நான் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

மே 4

கிண்டினேன். வேர் பிடித்திருக்கிற பிடிக்கு மண்வெட்டிப் பிடி உடைந்துவிட்டது. நடுவைக் கழித்து, ஓரத்தில் ஐந்து துண்டு எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி இராசமணி அக்கா வீட்டுக்குக் கொண்டு போனேன். கதவை முழுக்கத் திறக்காமல் நின்று கதைத்தா.

"என்னட்டை இருக்குத்தானே தம்பி. உதை நீரே வைச்சிரும்."

யோகம் கொடுக்கச் சொன்னாள் என்றேன்.

"யோகத்துக்காகத்தான் சொல்லுறன்."

திரும்பக் கொண்டு வந்து அதே இடத்தில் நட்டேன். வேறு இடம் இல்லை. தண்ணீர் விட்டேன்.

ஜூலை 26

ஐந்தும் பிடித்துவிட்டது. மழை இல்லை, நான் நாலு நாளாகத் தண்ணீரும் விடவில்லை. அப்படியும் நிற்கிறது.

யோகம் நாணலைப்பற்றிக் கேட்பதில்லை. சாப்பிட்டீங்களோ என்று கேட்கிறாள்.

ஓகஸ்ட் 30

பத்து நாளைக்கு முன் யோகத்துக்கு இரண்டாவது தடவையும் பாரிசவாதம். பேச்சு இனித் திரும்பாது என்று டொக்டர் சொன்னார். தர்சினி வந்து ஒரு கிழமை நின்றுவிட்டுப் போனாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்கள் செய்த மாதிரி ஒருத்தரும் செய்யமாட்டினம் அப்பா" என்றாள்.

ஒக்டோபர் 18

நாளை அல்லது நாளை மறுநாள் பனி வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள்.

லாச்சியிலிருந்து பச்சைக் கரைச் சேலைத் துண்டை எடுத்து நாணலைக் கட்டினேன். இன்னும் இடுப்பளவுதான், ஐந்தையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்ட முடிந்தது. முடிச்சு அவள் போடுகிற மாதிரி வரவில்லை, இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினேன். காய்ந்த தாள் கையைக் கீறிவிட்டது.

இந்த வருடம் வெட்டவில்லை. முளைத்தாலும் இனிக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லிக் கேட்க யோகத்துக்குப் பேச்சு இல்லை.

பிறகு போய்ப் பால் வாங்கி வந்தேன். போக வர பதினைந்து நிமிடம்.